இறந்தவன் வந்திருந்த திருமணம்

1948 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12 ஆம் நாள், சனிக்கிழமை. காலையில் வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. பதினொரு மணிக்குமேல் வறண்ட ஏரிப்பக்கமிருந்து காற்றுக் கிளம்பி, வெள்ளைப் புழுதியை வாரிக்கொண்டு வந்து, சிடார்வெல்ஸ் ஊரின் ஒற்றைத் தெருவில் கொட்டிவிட்டுப் போயிற்று. மேற்கே சியரா மலைமுகட்டில் மட்டும் பனி இரண்டு மூன்று கோடுகளாக மிஞ்சியிருந்தது. புழுதி உள்ளே வராதபடி சன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டு, அந்த வெக்கையில் வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டே, ஹெஸ்டர் லண்டி தன் உணவகத்தின் அடுப்பில் வால்நட் கேக் சுட்டுக்கொண்டிருந்தாள்.

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். ஹெஸ்டரின் வாழ்க்கை அந்தப் பழமொழிக்கு நேர் எதிரான சான்று. குற்றம் பார்த்துப் பார்த்தே அவள் சுற்றம் சேர்த்தாள். அவளுடைய உணவகமும் ஊரின் திரையரங்கும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டவை. சனிக்கிழமைதோறும் பிற்பகல் கௌபாய்கள் சுட்டுக்கொள்ளும் குதிரைப்படம் முடிந்ததும், அரங்கிலிருந்த கூட்டம் கலையாமல் அப்படியே உணவகத்துக்குள் புகும். ஹெஸ்டரும் அரங்கின் பின்வாசல் வழியாக வந்து, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, காபியை ஊற்றிக்கொண்டே அன்றைய படத்தின் குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். அவள் சொல்லாமல் விட்ட ஒரு குற்றத்தை யாராவது எடுத்துக் காட்டினால் அவருக்கு ஒரு துண்டு கேக் இனாம். ஊரின் உடன்படிக்கை அது. நான்கு ஆண்டுகளில் ஒருவர்கூட இனாம் கேக் தின்றதில்லை. தபால்காரர் ஆமோஸ் ஒருமுறை, வில்லனின் மீசை பாதிப் படத்தில் இடம் மாறிவிட்டது என்று எழுந்து நின்றார். அது மீசையே இல்லை, உதட்டில் ஒட்டியிருந்த புழுதி என்று ஹெஸ்டர் சொன்னாள். மறுநாள் அரங்க உரிமையாளர் டெல்பர்ட் படச்சுருளை விளக்கில் காட்டிப் பார்த்தபோது அது புழுதியாகத்தான் இருந்தது.

கண்ணுக்கு அந்தக் கூர்மை வந்தது இளமையில் செய்த வேலையினால். இரயில்வே ஊர் ஒன்றில் சலவைக்கூடத்தில் பதினாறு வயதில் சேர்ந்தவள் அவள். துணியில் போட்ட குறி கரைந்துபோனாலும் முழங்கைச் சுருக்கத்தைப் பார்த்தே இது இன்னாருடைய சட்டை என்று எடுத்து வைப்பாள். மனிதர்களையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். முகத்தைவிட அவர்கள் நிற்கும் தினுசுதான் அவளுக்கு நினைவில் தங்கும்.

இவ்வளவு குற்றம் காண்பவள் ஒரு சனிக்கிழமைப் படத்தைக்கூடத் தவறவிட்டதில்லை என்பதுதான் வேடிக்கை. ஏன் போகிறாய் என்று கேட்டால், அரங்கத்து நாற்காலியில் பஞ்சு நன்றாக இருக்கிறது என்பாள். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. அவள் கணவன் கார்ல் இதே பள்ளத்தாக்கில் பேரிக்காய்த் தோட்டம் வைத்திருந்தவன். தெற்கேயிருந்த பெருநகரம் ஆற்றுநீரைக் குழாயில் கொண்டுபோனபோது, மரங்கள் நின்ற நிலையிலேயே விறகாயின. தங்கப் பேனா வைத்திருந்த மனிதர்கள் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களை எதிர்த்து யாரும் குதிரையில் வரவில்லை. கார்ல், வறண்ட ஏரியின் உப்பை வாரிக் காய்ச்சும் சோடா ஆலையில் கூலிக்குச் சேர்ந்து, ஒரு குளிர்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி இறந்துபோனான். குதிரைப்படத்திலோ, ஊற்றுநீரைத் திருட வருகிற மெல்லிய மீசைக்காரன் ஐம்பத்தைந்து நிமிடத்துக்குள் சேற்றில் விழுந்துவிடுகிறான். சுவர் ஆடினால் என்ன, கள்ளிச்செடி மரப்பலகையால் ஆனதாக இருந்தால் என்ன? தண்ணீர் மட்டும் உரியவர்களுக்கே திரும்பிவிடுகிறது. இதை ஹெஸ்டர் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் குற்றம் சொல்லும் உரிமை போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ.

இந்தப் படங்களில் பல எங்கோ தொலைவில் எடுக்கப்பட்டவை அல்ல. ஊருக்கு மேற்கே உள்ள உருண்டைப் பாறைக் குன்றுகளில் பாதியும், ஊர்க் குதிரைகளை வைத்து மீதியும் எடுக்கப்பட்டவை. மேக்ஸ் ராட்டர் என்னும் இயக்குநர், வருடத்துக்கு மூன்று முறை ஒரு லாரி நிறையத் தொப்பிகளுடன் வந்து இறங்குவார். ஒரு படத்தை ஆறு நாளில் முடிப்பார். ஏழாம் நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்பதற்காக அல்ல. ஏழாம் நாள் குதிரை வாடகைக்கு அவரிடம் வழி இருக்காது. அந்தப் பள்ளத்தாக்கில் கள்ளி முளைப்பதில்லை; ஆனால் பார்ப்பவர்கள் பாலைவனம் என்றால் கள்ளியைத் தேடுவார்களாம். ஆகவே மரத்தால் செய்து பச்சை பூசிய மூன்று கள்ளிகளை லாரியில் கொண்டுவந்து, காட்சிக்குக் காட்சி பெயர்த்து நடுவார். அவற்றுள் ஒன்று எப்போதும் சற்றே சாய்ந்திருக்கும். வேறு வேறு மாநிலங்களில் நடப்பதாகச் சொல்லப்பட்ட கதைகளிலும் அந்தச் சாய்ந்த கள்ளி தவறாமல் வந்து நின்றது.

ஆள்பஞ்சத்துக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. காலையில் வெள்ளைத் தொப்பி அணிந்து துரத்துபவர்களே மாலையில் கறுப்புத் தொப்பி அணிந்து ஓட வேண்டும். இரண்டையும் வெட்டி ஒட்டினால் துரத்தல் தயார். இவ்விதமாகச் சிடார்வெல்ஸ் ஆண்கள் பல ஆண்டுகளாகத் தங்களைத் தாங்களே துரத்திக்கொண்டிருந்தார்கள், ஒருமுறைகூடப் பிடித்ததில்லை.

அவர்களுள் வில்பர் ஸ்டோக்ஸ் தனிப்பிறவி. வயது நாற்பத்தேழு. மற்ற நாள்களில் குதிரை மேய்ப்பான், லாடம் அடிப்பான். படம் எடுக்கும் நாள்களில் சாவான். சாவதில் அவனுக்கு நிகர் அந்த மாவட்டத்திலேயே இல்லை. மற்றவர்கள் குண்டு பட்டால் மூட்டை சரிவதுபோல விழுவார்கள். வில்பர் மட்டும் ஒரு கணம் தயங்கி, சேணத்தில் எழுந்து, வானத்தைப் பார்த்து, ஏதோ மறந்துபோனதை நினைவுகூர்பவன்போல விழுவான். அந்த அழகே அவனுக்குப் பகையாயிற்று. இவ்வளவு நன்றாகச் சாகிறவனை யார் பிழைக்க விடுவார்கள்? எந்தப் படத்திலும் அவன் கால்மணி நேரத்தைத் தாண்டியதில்லை. பழைய விழுதல் ஒன்றில் வலது இடுப்பு பிசகியதிலிருந்து இடது காலில் பாரத்தைப் போட்டுச் சற்றே சாய்ந்து நிற்பான்.

சனவரி மாதத்தில் ஒருநாள், கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, தன்னை மணந்துகொள்ள முடியுமா என்று அவன் ஹெஸ்டரிடம் கேட்டிருந்தான். அவள் தோசைக்கல்போன்ற தன் இரும்புத் தட்டைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

“வாராவாரம் சனிக்கிழமை மத்தியானம் செத்துப்போற ஆளை நம்பி நான் எப்படிக் கல்யாணம் பண்ணிக்கிறது?” என்றாள்.

“திங்கக்கிழமை வேலைக்குப் போயிடறேனே,” என்றான் அவன்.

அந்தப் பேச்சு அத்துடன் நின்றது. அவள் மறுக்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை. அதற்குப் பின்னும் அவன் நாள்தோறும் காலையில் வந்து இரண்டு முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் தின்றுவிட்டுப் போனான்.

வசந்தத்தில் நிலைமை மாறியது. படம் எடுக்கும் தொழில் நொடித்துக்கொண்டிருந்தது. குதிரை வேலை மட்டும் வைத்துப் பிழைக்க முடியாது என்று கண்ட வில்பர், ஆரிகன் மாநிலத்தில் மர அறுவை ஆலை நடத்தும் தன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினான். அண்ணன் வேலையும் அறையும் ஏற்பாடு செய்துவிட்டான். அப்போதுதான் ராட்டர் ஒரு நம்பிக்கையைக் கிளப்பினார். மேற்கு மாநிலங்களின் சிற்றூர் அரங்குகளுக்குப் படம் வாங்கித் தரும் கால்வின் ஹாய்ட் என்பவர், புதிய படத்தைச் சிடார்வெல்ஸிலேயே வந்து பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பிடித்தால் அடுத்தடுத்து எட்டுப் படம் இதே ஊரில் எடுக்கலாம். வில்பருக்குக் குதிரைலாயப் பொறுப்பு நிரந்தரமாகக் கிடைக்கும். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமைப் பேருந்தில் வில்பர் வடக்கே போக வேண்டியதுதான். இதைக் கேட்டபோது ஹெஸ்டர், போவதானால் போகட்டும், அங்கே குளிர் அதிகம், நல்ல கம்பளியாக எடுத்துக்கொண்டு போகட்டும் என்று சொன்னாள். அன்று அவள் கடையில் உருளைக்கிழங்கு முழுவதும் கருகிப்போயிற்று. அதைப்பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. சென்ற ஆண்டு ராட்டர் எடுத்த படமொன்றில், தொடக்கத்தில் சுடப்பட்டு இறந்த கொள்ளையன், பிற்பாதியில் வந்து நாயகிக்கு வண்டிக் கதவைத் திறந்துவிட்டான். பல ஊர்களில் சிறுவர்கள் தரையைக் காலால் உதைத்து, காசைத் திருப்பிக் கேட்டார்கள். ஹாய்ட் அப்போதே எச்சரித்தார்: குழந்தைகள் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள், இறந்தவன் எழுந்து வருவதை மட்டும் மன்னிக்கமாட்டார்கள், இன்னொரு முறை நடந்தால் அவர் ராட்டரின் படத்தைத் தொடமாட்டார். அன்றிலிருந்து ராட்டர் ஒரு சட்டம் வைத்தார். படத்தில் செத்தவன் அந்தப் படத்தின் மீதி நாள்களில் படப்பெட்டியின் கண்ணில் படக்கூடாது. பட்டால் அவன் அதற்குப்பின் தம் படப்பிடிப்பின் பக்கமே வரக்கூடாது.

எல்லாரும் அந்தச் சட்டத்தை மதித்தார்கள். ஆனால் ராட்டர் வெளியூர்க்காரர். நாள்காட்டியில் மே முதல் நாளைப் பார்த்து அதை வெறும் சனிக்கிழமை என்று நினைத்துவிட்டார். அந்தப் பள்ளத்தாக்கில் ட்ரவுட் மீன்பிடிக்கும் பருவம் தொடங்குகிற நாள் அது. அன்று பாதிரியார்கூடப் பிரசங்கத்தை ஓடைக்கரையில் வைத்துத்தான் யோசிப்பார். படப்பிடிப்பின் ஆறாவது, கடைசி நாள் அது. எடுக்கவேண்டியது நாயகனின் திருமணம், ஊர்மக்கள் புடைசூழ. ஊர்மக்களோ தூண்டிலுடன் மலையேறிப் போய்விட்டார்கள். ஹெஸ்டரும் கடையை அன்று ஓடைக்கரைக்குத்தான் நகர்த்தியிருந்தாள். ஆகவே அந்தத் திருமணத்தில் யார் நின்றார்கள், யார் நிற்கவில்லை என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

ஜூன் 12 அன்று காலை வில்பர் தன் முட்டையைத் தொடாமல் எழுந்து போனதற்கும் இதுதான் காரணம். ஹெஸ்டர் அதை ஆரிகன் கவலை என்று எடுத்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு அரங்கு நிறைந்தது. ஹாய்ட் குள்ளமாக, உருண்டையாக, தூக்கக் கலக்கத்தோடு இருந்தார். நடுவரிசையில் அமர்ந்ததும் கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டார். விளக்கு அணைந்தது. ராட்டர் அவருக்குப் பின்னால் அமர்ந்து, படத்தைப் பார்க்காமல் அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிடார்வெல்ஸ்காரர்கள் படம் பார்க்கும் முறை தனியானது. அவர்கள் கதையைப் பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் தம்மைத்தான் தேடுவார்கள். தாம் இல்லாவிட்டால் தம் கோவேறு கழுதையை. அதுவும் இல்லாவிட்டால் தம் வேலியை. “அதோ நம்ம வேலி,” என்று ஒரு குரல் எழும். “அது வேலியா, எங்க மாடு நுழையறப்ப அப்படி ஒண்ணையும் காணலையே,” என்று இன்னொரு குரல் இருட்டிலிருந்து பதில் சொல்லும். நாயகன் நீதியைப்பற்றி உருக்கமாகப் பேசும்போது ஆமோஸ், அவன் உட்கார்ந்திருக்கும் சேணம் தம்முடையது என்று பக்கத்திலிருப்பவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அரங்கம் முழுவதிலும் படத்தைப் படமாகப் பார்த்தவள் ஹெஸ்டர் ஒருத்திதான். படத்தில் ஒருமுறையும் நடித்திராத ஊர்க்காரியும் அவள்தான்.

வில்பர் வழக்கம்போல் இறந்தான். வெள்ளி ஏற்றிய வண்டியை மறித்து, மார்பில் குண்டு வாங்கி, சேணத்தில் எழுந்து, வானத்தைப் பார்த்துச் சரிந்தான். கைதட்டல் எழுந்தது. எப்போதும் எழுந்து நின்று தொப்பியை உயர்த்துபவன், அன்று நாற்காலிக்குள் இன்னும் கீழே அமிழ்ந்தான். அதை ஹெஸ்டர் கவனித்தாள்.

பிறகு குற்றங்கள் அணிவகுத்தன. அவள் மனத்துக்குள் விரல் மடக்கிக்கொண்டே வந்தாள். மீசைக்காரன் சேற்றில் விழுந்தான். ஊற்று ஊருக்குத் திரும்பியது. ஹெஸ்டர் வழக்கம்போல் பொய்யாக இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேவாலய வாசலில் திருமணம் தொடங்கியது. கூட்டம் மெலிந்திருந்தது, எங்கெங்கிருந்தோ அழைத்துவந்த ஆள்கள். மணப்பெண்ணுக்கு இடப்பக்கம், இரண்டாம் வரிசையில், வெள்ளைத் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, முகத்தின் பாதி நிழலில் மறைய ஒருவன் நின்றான். இடது காலில் பாரத்தைப் போட்டுச் சற்றே சாய்ந்து நின்றான். பூச்செண்டு பறந்தபோது சிரித்தான்.

நான்கு விநாடியிருக்கும். ஹெஸ்டருக்கு மடக்கிய விரல் அப்படியே நின்றுவிட்டது. தொடப்படாத முட்டைகளின் பொருள் அவளுக்கு அப்போது விளங்கியது. சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் கவனிக்கவில்லை, தேவாலயத்தின் சன்னலுக்கு யார் வண்ணம் அடித்தது என்று இரண்டு பேர் சர்ச்சை செய்துகொண்டிருந்தார்கள். ஹாய்டின் தலை மார்பில் கவிழ்ந்திருந்தது. தூங்குகிறார் என்றே தோன்றியது.

கூட்டம் உணவகத்துக்குள் நுழைந்தது. ஹெஸ்டர் ஏப்ரனைக் கட்டும்போது முடிச்சு இரண்டுமுறை அவிழ்ந்தது. அவள் வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகியவள் அல்லள். தன் கேக் ஒருநாள் வேகாமல் போனபோது கரும்பலகையில் ‘இன்று கேக் சரியில்லை’ என்று எழுதி வைத்தவள். இப்போது உண்மையைச் சொன்னால் எட்டுப் படமும் போய்விடும். வில்பர் பேருந்தில் ஏறிவிடுவான். சொல்லாவிட்டால் நான்காண்டு நேர்மை போய்விடும். காபி ஊற்றும் கை மட்டும் தன்பாட்டில் ஊற்றிக்கொண்டிருந்தது.

ராட்டர் ஹாய்டை மூலைமேசையில் உட்காரவைத்து, ஊரின் காபியைப்பற்றி நெடுநேரம் புகழ்ந்தார். ஹாய்ட் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

“காபி இருக்கட்டும். குத்தம் கண்டுபிடிக்கிற அம்மான்னு தியேட்டர் வாசல்ல எல்லாரும் சொன்னாங்களே, யாரு? நீங்கதானா?” என்றார்.

ராட்டரின் முகம் சுண்ணாம்பாயிற்று. வில்பர் கதவோரம் நின்று தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தான்.

“நாந்தான்,” என்றாள் ஹெஸ்டர்.

“இன்னிக்கு என்ன பாத்தீங்க, சொல்லுங்க. எனக்காகக் குறைக்காதீங்க.”

ஹெஸ்டர் சொல்லத் தொடங்கினாள். நாயகனின் கைத்துப்பாக்கி, குண்டு நிரப்பப்படாமலே பதினான்கு முறை சுட்டது. சாய்ந்த கள்ளி மூன்று ஊர்களில் நின்றது. வண்டி நான்கு குதிரையோடு புறப்பட்டு, ஆறு குதிரையோடு ஓடி, மறுபடி நான்கோடு வந்து சேர்ந்தது. வழியில் இரண்டும் எங்கே இறங்கிக்கொண்டன என்று தெரியவில்லை. நள்ளிரவுக் காட்சியில் எல்லாருடைய நிழலும் காலடியிலேயே கிடந்தது. ஆற்றில் விழுந்த நாயகியின் கூந்தல் கரையில் உலர்ந்திருந்தது, வீட்டில் நனைந்திருந்தது. நீதிபதி கதவைச் சாத்தியபோது நீதிமன்றமே ஆடியது. மீசைக்காரனின் மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது; அதுவும் சரியான மணி காட்டியது. துரத்துபவர்கள் ஒரே பாறையை மூன்று முறை கடந்தார்கள். மூன்றாவது முறை, அந்தப் பாறையின்மேல் யாரோ சாப்பாட்டு வாளியை மறந்துவைத்திருந்தார்கள்.

“அது என்னோட வாளி,” என்றார் டெல்பர்ட் பெருமையாக.

கடை சிரிப்பில் குலுங்கியது. ஹாய்டும் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு ராட்டரைப் பார்த்துச் சொன்னார்: “பயப்படாதீங்க. இதெல்லாம் இல்லாட்டி எவன் வருவான்? பக்கத்துல இருக்கிறவன் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி தான் கண்டுபிடிக்கணும்னு பசங்க முண்டியடிச்சுக்கிட்டு வர்றாங்க. குத்தமே இல்லாத படம் ஒண்ணு வாங்கிப் போட்டேன். பாதியில எல்லாப் பயலும் வெளிய போயி கோலி விளையாடிட்டு இருந்தான்.”

ராட்டர் அன்று முதன்முறையாகச் சரியாக மூச்சுவிட்டார். ஹாய்ட் பேனாவைத் திறந்தார். திறந்தவர் எழுதாமல், மறுபடி ஹெஸ்டரைப் பார்த்தார்.

“அவ்வளவுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

ஹெஸ்டர் யோசித்தாள். கேட்டவர் கேட்ட கேள்விக்கு ஒரே ஒரு சரியான விடைதான் இருந்தது; அது அவள் நாக்கின் நுனியில் இருந்தது. கதவோரம் நின்றவன் அவளைப் பார்க்கவில்லை. தன் பூட்ஸின் முனையைப் பார்த்துக்கொண்டு, இடது காலில் சாய்ந்து நின்றான். படத்தில் நின்ற அதே தினுசு.

“அவ்வளவுதான்,” என்றாள்.

ஹாய்ட் கையெழுத்துப் போட்டார். எட்டுப் படத்துக்கும் போட்டார். மையை ஊதி உலர்த்தி, தாளை ராட்டரிடம் கொடுத்துவிட்டு, கழுத்தில் கைத்துண்டைச் செருகிக்கொண்டார்.

“அப்ப எனக்கு ஒரு துண்டு கேக் வரணுமே.”

யாருக்கும் புரியவில்லை. அவர் நிதானமாக விளக்கினார். வெள்ளி வண்டியை மறித்து மார்பில் குண்டு வாங்கி மிக அழகாகச் செத்தாரே ஒருவர், அவர் திருமணத்துக்கு வந்திருந்தார். மணப்பெண்ணுக்கு இடப்பக்கம், இரண்டாம் வரிசை. வந்ததோடு நில்லாமல் மகிழ்ச்சியாகவும் இருந்தார்.

கடை முழுவதும் வில்பர் பக்கம் திரும்பியது. ராட்டர் தாளை அவசரமாக மடித்துச் சட்டைப்பைக்குள் செருகினார். அன்று எல்லாரும் மீன்பிடிக்கப் போய்விட்டதால், தொப்பி போட்டவர்கள் யாராயினும் வந்து நில்லுங்கள் என்று தாமே கத்தியது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், ஹாய்ட் கையமர்த்தினார்.

“விடுங்க, கையெழுத்துப் போட்டாச்சு. நான் பாத்துட்டேன். ஆனா நான் வாரத்துக்கு நாலு படம் பாக்கிறவன். பசங்க கண்ணுக்குப் படுமா படாதாங்கிறதுதான் எனக்குத் தெரியணும். நாலு வருஷமா ஒண்ணு விடாமப் பிடிச்ச இந்தம்மா கண்ணுக்கே தப்பிச்சுதுன்னா, எந்தப் பயல் கண்ணுலயும் படாது. அதுக்குத்தான் கேட்டேன். அடுத்த தடவை மட்டும் செத்தவரைக் கொஞ்சம் சிரிக்காம நிக்கச் சொல்லுங்க.”

அனைவரும் இப்போது ஹெஸ்டரைப் பார்த்தார்கள். பார்த்தேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் பெயர் நின்றிருக்கும். ஆனால் அந்தக் கையெழுத்து நின்றது, அவள் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையின்மேல். அவள் கத்தியை எடுத்து, வால்நட் கேக்கில் தாராளமாக ஒரு துண்டு வெட்டி, தட்டில் வைத்து, ஹாய்டின் முன்னால் வைத்தாள்.

“தவறிடுச்சு,” என்றாள்.

ஊர் அதிர்ந்துபோயிற்று. முதலில் வாயைத் திறந்தவர் ஆமோஸ். நான்காண்டுக் காத்திருப்பு அவருக்கு.

“என்ன ஹெஸ்டர், கண்ணாடி போடற வயசு வந்துடுச்சா? தபால்ல வரவழைச்சுத் தரட்டுமா?”

“முதல்ல என் பேருக்கு வர்ற தபாலை என் வீட்டுல போடு. அப்புறம் என் கண்ணைப் பாக்கலாம்,” என்றாள் அவள். ஆனால் குரலில் பழைய காரம் இல்லை என்று எல்லாருக்கும் தோன்றியது. அந்தப் பிற்பகல் முழுவதும் கேலி ஓயவில்லை. பாறையில் மறந்த வாளியைக்கூடக் கண்டவளுக்கு, ஓர் ஆள் உயரத்துக்கு நின்ற வில்பர் தெரியவில்லையே என்று வியந்தார்கள். பழைய தீர்ப்புகளையெல்லாம் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று ஒருவர் முன்மொழிந்தார். மீசை வழக்கை மீண்டும் திறக்கப்போவதாக ஆமோஸ் அறிவித்தார். ஹெஸ்டர் தலையைக் குனிந்தபடி எல்லாருக்கும் காபி ஊற்றினாள். ஹாய்ட் கேக்கை ஒரு துணுக்குக்கூட விடாமல் தின்றுவிட்டு, அருமை என்று சொல்லிவிட்டுப் போனார். ராட்டர் அவர் பின்னாலேயே ஓடினார்.

ஐந்து மணிக்குக் காற்று நின்றது. கடையும் காலியாயிற்று. ஹெஸ்டர் சன்னல்களைத் திறந்துவிட்டு வந்து, இரும்புத் தட்டைச் சுரண்டத் தொடங்கினாள். வில்பர் மட்டும் போகவில்லை. யாரும் கேளாமலே நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தான். கடைசி நாற்காலியைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கவிழ்க்காமல் நின்றான்.

“போன வருஷம் ஒரு படத்துல என்னைக் கரடித்தோலுக்குள்ள போட்டுத் தைச்சிருந்தாங்க. மூஞ்சி தெரியல, கை தெரியல. வெளிய வந்ததும் நீங்க, கரடி வேஷம் வில்பர்தான்னு சொன்னீங்க,” என்றான்.

“சொன்னேன்.”

“இன்னிக்குத் தோல்கூட இல்ல.”

ஹெஸ்டர் தட்டில் ஒட்டாத கரியைச் சுரண்டினாள்.

“ஹெஸ்டர், நிஜத்தைச் சொல்லுங்க. பாத்தீங்களா, இல்லையா?”

“பாத்தேன்.”

அவன் நாற்காலியைத் தரையில் வைத்தான். வெளியே சிறுவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, தெருப்புழுதியில் சுட்டுக்கொண்டும் செத்துக்கொண்டும் ஓடிக்கொண்டிருந்தார்கள். செத்தவர்கள் உடனுக்குடன் எழுந்துகொண்டார்கள், யாரும் ஆட்சேபிக்கவில்லை.

“ஊரே சிரிச்சுதே. ஆமோஸ் இனி சாகறவரைக்கும் விடமாட்டான். ஏன் சொல்லல?”

ஹெஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள்.

“நீங்க ஊரை விட்டுப் போறது எனக்குப் பிடிக்கல,” என்றாள்.